கண்ணாடி விறாந்தையில் ஒரு பொன்னுருக்கு

ஒஸ்லோவில் வீடுகளுக்கு நிலம், அதாவது தரை, போடும் வேலையிலேயே காலத்தை ஓட்டி, முழங்கால்கள் இரண்டும் இனிப் போதும் என்று சொன்ன பிறகு ஓய்வுக்கு வந்தவன் நான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைக் கண்ட இடத்தில் எல்லாம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணை, சூடாக்கி இல்லாத கண்ணாடி விறாந்தைக்கு என்ன நிலம் போடலாம்?" கேட்டுவிட்டு, நான் ஒரு பெயரைச் சொன்னதும் விலை பார்க்கக் கைத்தொலைபேசியைத் தயாராக வைத்துக்கொண்டு நிற்பீர்கள்.

பெயர் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாமல் இல்லை. பெயரைச் சொன்னால் நீங்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவீர்கள் என்ற பயம்தான்.

கண்ணாடி விறாந்தை ஒரு வில்லங்கமான இடம். சுற்றிவரக் கண்ணாடி, மேலே கூரை, பார்த்தால் ஓர் அறை மாதிரி இருக்கும். ஆனால் வெளியே எவ்வளவு குளிரோ அவ்வளவு குளிர் உள்ளேயும் இருக்கும். சப்பாத்தில் ஒட்டி வந்த பனி அங்கேதான் உருகும், உருகிய தண்ணீர் அங்கேயே திரும்ப உறையும். வீதியில் வழுக்காமல் இருக்கக் கொட்டுகிற சின்னக் கல்லெல்லாம் வந்து சேர்வதும் அங்கேதான். வீட்டுக்குள் போடுகிற நிலத்தை அங்கே போட்டால் ஒரு குளிர்காலம் தாங்காது. வெளியே போடுகிறதைப் போடலாம் என்றால் வீட்டுக்காரர் மூக்கைச் சுழிப்பார்.

ஹொல்ம்லியாவில் ஒரு வீட்டு விறாந்தைக்கு யாரோ ஒரு கெட்டிக்காரர், மரத்தூளை அழுத்திச் செய்த லமினாட் பலகை போட்டிருந்தார். வேலையில் ஒரு பிழையும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வீட்டு அம்மா, நம்மவர்கள் ஊரில் முற்றம் கழுவுகிற மாதிரி, ஒரு வாளி தண்ணீரை ஊற்றித் தும்புத்தடியால் தேய்த்துக் கழுவுகிறவர். அதுவும் ஒரு ஜனவரி வெள்ளிக்கிழமை. பலகைகள் பப்படம் மாதிரி எழும்பின. வாசல் கதவின் அடி பனிக்கட்டியில் இறுகிப் பிடித்துக்கொண்டது. கோயிலுக்குப் புறப்பட்டு நின்ற குடும்பம் முழுவதும், பட்டுச்சேலையும் வேட்டியுமாகக் குசினி யன்னலால் இறங்கிப் போனது. அந்தக் கெட்டிக்காரரிடம் குறை என்று சொன்னால் ஒன்றுதான். 'அம்மா, நீங்கள் நிலத்தை எப்படிக் கழுவுவீர்கள்?' என்று அவர் கேட்கவே இல்லை.

நான் சொல்ல வந்தது அந்தக் கதை அல்ல. எல்லிங்ஸ்ருட்டில் சறோ அக்காவின் விறாந்தைக் கதை.

சறோ அக்கா ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தவர். கணவர் இறந்தபோது மகன் கஜன் கைக்குழந்தை. வரிசை வீடு ஒன்றில் இருந்து அவனைத் தனியாக வளர்த்து எஞ்சினியர் ஆக்கினார். அவனுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்த நேரத்தில்தான் என்னைக் கூப்பிட்டார். என்னோடு வேலை செய்த முருகேசனையும் கூட்டிக்கொண்டு போனேன். முருகேசன் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அவருடைய தமிழையும் எங்களுடைய தமிழையும் வைத்து நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பகிடி பண்ணாத நாள் இல்லை.

"பெரிசா ஒண்டும் இல்லைத் தம்பி. சப்பாத்துக் கழட்டிற இடம். வடிவா இருந்தாக் காணும்," என்றார் சறோ அக்கா.

"லமினாட் வாங்கி வைச்சிட்டன் அங்கிள். தில்பூத்தில, விலை குறைச்சுப் போட்டிருந்தவங்கள், நல்ல மலிவு. பார்த்தா ஓக் மரம் மாதிரியே இருக்கும்," என்றான் கஜன். விருந்தறையில் பெட்டிகளை அழகாக அடுக்கியும் வைத்திருந்தான்.

"எனக்கு அது வேண்டாம். வெள்ளை மாபிள் மாதிரிப் பளபளக்கிற கல்லுப் போடுங்கோ. பெம்பிளை வீட்டிலை அப்பிடித்தான் போட்டிருக்கினம்," என்றார் அக்கா.

நான் விறாந்தையை அளந்துகொண்டிருந்தபோது அக்கா பக்கத்தில் வந்து நின்று, "தம்பி, நிலத்திலை தணல் விழுந்தா என்ன செய்யும்?" என்று கேட்டார். ஏதோ ஒரு பதில் சொன்னேன். தேநீர் கொண்டுவந்தபோது அதையே இன்னொரு தரம் கேட்டார். தட்டை எடுக்க வந்தபோதும் கேட்டார்.

ஒருவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அங்கேதான் உங்கள் வேலை இருக்கிறது என்று அர்த்தம். அளவுநாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு உட்காருங்கள்.

"அக்கா, விறாந்தையிலை மீன் பொரிக்கப் போறியளோ? அதுக்கு வெக்கப்படத் தேவையில்லை. எங்கடை வீட்டிலையும் அங்கைதான்," என்றேன்.

அக்கா மகனைப் பார்த்தார். "தம்பி கஜன், பால் முடிஞ்சுது. ஒருக்கா வாங்கிக்கொண்டு வா," என்று அனுப்பிவிட்டு, எங்கள் முன்னால் இருந்தார். "பொன்னுருக்கு வைக்கப் போறன்," என்றார்.

"அது என்னக்கா பொன்னுருக்கு? எங்க ஊர்ல நான் பாத்ததில்லையே," என்றார் முருகேசன்.

"தாலிக்குப் பொன்னை மாப்பிள்ளை வீட்டிலை வைச்சு உருக்கிறது. நல்ல நேரம் பார்த்து, ரண்டு பகுதிச் சொந்தக்காரருக்கும் முன்னாலை. உருக்கின பொன்னைத் தட்டிலை வைச்சு எல்லாரிட்டையும் கொண்டு போவினம். எல்லாரும் தொட்டு ஆசீர்வதிச்ச பிறகுதான் அதிலை தாலி செய்யிறது."

"நாங்க நகைக்கடைக்குப் போய் வாங்கிட்டு வந்துருவோம்க்கா."

"அப்ப உங்களுக்கு விறாந்தை தேவையில்லை," என்று சிரித்தார் அக்கா. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "பெம்பிளையின்ரை தகப்பன் நடேசன் அண்ணை சொல்றார், உங்கடை வீடு சின்னன், எங்கடை வீட்டிலையே வைப்பம் எண்டு. நல்ல மனுசன், நல்லதுக்குத்தான் சொல்றார். ஆனால் பொன்னுருக்கு மாப்பிள்ளை வீட்டிலை நடக்க வேண்டியது. என்ரை பிள்ளைக்கு ஒரு வீடு இல்லையோ தம்பி? நான் இவ்வளவு காலமும் என்னத்தை வைச்சிருந்தனான்?"

சுருட்டி வைத்த அளவுநாடாவைத் திரும்பக் கையில் எடுத்தேன்.

வீட்டுக்குள் வைக்கவும் வழியில்லை. அந்த வரிசை வீடுகளின் புகை எச்சரிக்கை மணிகள் எல்லாம் ஒன்றோடொன்று தொடுத்தவை. ஒரு பொங்கலுக்கு அக்கா சாம்பிராணி போட, வரிசை முழுவதும் மணி அடித்து, அயலவர்கள் இரவுச் சட்டையோடு பனியில் நின்றார்களாம். தீயணைப்பு வண்டிக்காரருக்குப் பொங்கல் கொடுத்து அனுப்பினாராம். ஆகவே நெருப்பு மூட்ட அந்த வீட்டில் இருந்த ஒரே இடம் கண்ணாடி விறாந்தை. அதில் அப்போது இருந்தது உக்கிப்போன பழைய பலகை. பெப்ரவரியில் நாள் குறித்தாகிவிட்டது. நாங்கள் நின்றதோ ஜனவரியின் நடுவில்.

இப்போது நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? மகன் லமினாட் வாங்கிவிட்டான். தாய்க்கு வெள்ளைக் கல் வேண்டும். கேட்டதைப் போட்டுவிட்டுப் போவதுதான் மிகவும் லேசு. போட்ட அன்றைக்கு எல்லாருக்கும் சந்தோசமாக இருக்கும். நம்முடைய தொழிலில் பல பேர் அந்த ஒரு நாளுக்காகவே வேலை செய்கிறார்கள். எனக்கு அவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

லமினாட்டைப் பற்றிக் கஜனிடம் ஹொல்ம்லியா யன்னல் கதையைச் சொன்னேன். எஞ்சினியர் அல்லவா, சிரித்துவிட்டு அன்றைக்கே பெட்டிகளைத் திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டான். தாயைச் சம்மதிக்க வைப்பது கஷ்டமாக இருந்தது. அந்தக் குளிரில் கல் ஒட்டுகிற பசை இறுகாது என்றேன். "சூடு காட்டி ஒட்டலாமே," என்றார். ஒட்டினாலும் அடியில் மரச் சட்டங்கள் அசையும், கல் வெடிக்கும் என்றேன். "பார்த்து மெதுவா நடப்பம்," என்றார். பிறகு எங்கள் வேலை வான் வண்டியில் இருந்து ஒரு பளபளக்கும் மாதிரிக் கல்லை எடுத்து வந்து, விறாந்தையில் வைத்து, அரைக் குவளை தண்ணீரை அதன்மேல் ஊற்றிவிட்டு எல்லாரையும் உள்ளே கூட்டிப் போனேன். இன்னொரு தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் கல் கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது. கஜன் ஒரு காலை வைத்தான். அடுத்த கணம் முருகேசனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அக்கா, பெம்பிளை வீட்டார் உங்கடை பளபளப்பைப் பார்க்கப் போறது வாசலிலை நிக்கிற நேரம் மட்டும்தான். அதிலை ஆரும் வழுக்கி விழுந்தினம் எண்டா, கலியாணம் முழுக்க அதைத்தான் கதைப்பினம்," என்றேன்.

அக்கா குனிந்து அந்தக் கல்லை விரலால் தடவிப் பார்த்தார். "அப்ப என்னதான் போடுவியள்?"

வெளித்தளங்களுக்குப் போடுகிற, உக்காமல் இருக்க மருந்தேற்றிய பைன் பலகை. பலகைக்கும் பலகைக்கும் இடையில் சின்ன விரல் அளவு இடைவெளி. சப்பாத்தில் இருந்து உருகுகிற தண்ணீர் நிற்காமல் கீழே போய்விடும், பலகை ஊதினாலும் சுருங்கினாலும் இடம் இருக்கும். நடுவில் நெருப்புச் சட்டி வைக்க ஒரு பெரிய கருங்கல் பலகை, பசை இல்லாமல் சட்டங்களின்மேல் நேரே இருத்தியது. இவ்வளவையும் சொன்னேன்.

"தோணி கட்டிற துறை மாதிரி இருக்கப் போகுது," என்றார் அக்கா சலிப்போடு. ஆனால் சம்மதித்தார்.

கஜனுக்கு ஒரு ஆசை மிச்சம் இருந்தது. திருகாணித் தலைகள் வெளியே தெரியக்கூடாது, பலகைகளை ஒன்றோடொன்று கொளுவி மறைத்துப் பூட்ட வேண்டும் என்றான். நான் மறுத்துவிட்டேன். அப்படிப் பூட்டினால் நடுவில் ஒரு பலகையை மட்டும் கழற்ற முடியாது.

"என்னத்துக்கு அங்கிள் கழட்ட வேணும்?"

"தெரியாது. தெரிஞ்சா நான் ஏன் பயப்பிடுறன்?"

பழைய பலகைகளை அகற்றியபோது அடியில் வருடக்கணக்கான குப்பை கிடந்தது. எல்லாவற்றையும் கூட்டி அள்ளி, களை முளைக்காமல் இருக்க நிலத்தில் கறுப்புத் துணி விரித்தோம். "இத யாருண்ணே எட்டிப் பாக்கப் போறா?" என்று புறுபுறுத்துக்கொண்டே முருகேசன் மூலை மடிப்பை எல்லாம் நீவிவிட்டார். வாயால் சொல்வது ஒன்று, கை செய்வது இன்னொன்று. அவரோடு வேலை செய்வது எனக்குப் பிடித்ததற்கு அதுதான் காரணம்.

பொன்னுருக்கு அன்று எங்கள் இருவருக்கும் அழைப்பு இருந்தது. நான் வேட்டிக்கு மேல் பனிக்கால ஜக்கெட்டோடு போனேன். முருகேசன் கோட்டும் சூட்டுமாக வந்தார். என் வீட்டில் ஓடுகிற வாகனம் அது ஒன்றுதான் என்பதால் வேலை வானிலேயே போய் இறங்கினோம்.

விறாந்தையில் கால் வைக்க இடமில்லை. பட்டுச்சேலை உடுத்த பெண்கள் கீழே தடித்த கம்பளிக் காலுறை போட்டு நின்றார்கள். ஓரத்தில் சப்பாத்துகள் மலையாகக் குவிந்திருந்தன. அதிலிருந்து வடிந்த தண்ணீர் ஒரு சொட்டும் நிற்காமல் இடைவெளிகளால் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, மறைப்பானேன். கருங்கல்லின்மேல் கரிச்சட்டி. பொன் உருக்குகிறவர் ஊரில் ஆசாரியார், இங்கே வார நாட்களில் பஸ் ஓட்டுகிறார். கரி எரியும் இடத்தைப் பூட்டி வைத்திருப்பது ஆபத்து என்பதால் கண்ணாடிகளை எல்லாம் தள்ளித் திறக்கச் சொன்னது நான்தான். வெளிக் குளிர் முழுவதும் உள்ளே வந்து எங்களோடு நின்றது.

நடேசன் அண்ணை உயரமான மனிதர். நீண்ட கோட்டும் தோல் கையுறையுமாக வந்தவர், உள்ளே நுழைந்ததும், "நல்ல காத்தோட்டமான இடம்," என்றார். சிலர் சிரித்தார்கள். சறோ அக்காவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு கண் வரை போகவில்லை.

பொன் நன்றாகவே உருகியது. கடலைப் பருப்பு அளவில் ஒரு மஞ்சள் மணி. ஆறியதும், ஒஸ்லோ குறொன்லாண்ட் கடைத்தெருவில் வாங்கிய வெற்றிலையின்மேல், பூவுக்குப் பக்கத்தில் அதை வைத்துத் தட்டைச் சுற்றி அனுப்பினார்கள். ஒவ்வொருவரும் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள். தட்டு நடேசன் அண்ணையிடம் வந்தது. அவர் கையுறையைக் கழற்றாமலே வாங்கினார். தட்டு ஒரு பக்கம் சரிந்தது. பொன் வெற்றிலையில் வழுக்கி, பலகையில் ஒரு தரம் துள்ளி, என்னுடைய இடைவெளி ஒன்றுக்குள் போய் மறைந்தது.

தண்ணீர் போகட்டும் என்று யோசித்தேன். பொன் போகும் என்று யோசிக்கவில்லை.

பெண் வீட்டுப் பக்கத்தில் இருந்து ஒரு குரல், "ஐயோ, இதென்ன சகுனம்!" என்றது. நான் சறோ அக்காவைப் பார்த்தேன். முகத்தில் இரத்தம் இல்லை. அந்த ஒரு வார்த்தை அங்கே நின்றுவிட்டால், 'சின்ன வீட்டில், விறாந்தையில் வைத்தபடியால்தான்' என்பது அந்தப் பெண்ணும் பையனும் கிழவராகும் வரைக்கும் கூடவே வரும். அக்காவுக்கு அது தெரியும். அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

உடனே ஆளுக்கொரு யோசனை கிளம்பியது. ஒருவர் காந்தம் கேட்டார். ஒருவர் தூசி உறிஞ்சும் இயந்திரத்தைக் கொண்டு ஓடிவந்தார். ஒருவர் பலகையை வெட்டச் சொன்னார். இன்னொருவர் குனிந்து, இடைவெளிக்குள் வீட்டுச் சாவியை விட்டுக் கிண்டத் தொடங்கினார்.

"ஒருத்தரும் அசையாதேங்கோ!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

பிள்ளைகளே, நெருக்கடியில் முதல் செய்ய வேண்டியது எதையாவது செய்வது அல்ல. மற்றவர்கள் செய்வதை நிறுத்துவது. அத்தனை பேரும் கால் மாற்றினால் பனியும் கல்லும் பொன்னின்மேல் விழுந்து மூடிவிடும். எல்லாரும் நின்ற இடத்தில் சிலை மாதிரி நிற்க, நான் ஆசாரியாரிடம், "நல்ல நேரம் முடிஞ்சுதோ?" என்று கேட்டேன்.

"இல்லை, இன்னும் கிடக்கு," என்றார் அவர்.

அதற்குள் முருகேசன் கோட்டு சூட்டோடேயே ஓடிப் போய் வானில் இருந்து கருவிப் பெட்டியைக் கொண்டு வந்துவிட்டார். மின் திருகியின் பாட்டரி குளிரில் செத்துக் கிடந்தது. "விடுங்கண்ணே, கையாலயே கழட்டுவோம்," என்று மண்டியிட்டார். நான் ஒரு முனை, அவர் மறு முனை. பொன் போன இடத்துப் பலகை ஒன்று மட்டும், மற்ற எதையும் அசைக்காமல், மேலே வந்தது. தாயின் தோளில் கை போட்டு நின்ற கஜன் என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினான்.

கீழே கறுப்புத் துணியின் நடுவில் பொன் மினுங்கிக்கொண்டு கிடந்தது. தேடவே தேவையில்லை.

எடுக்க நான் கை நீட்டினேன். "பொறுங்கோ தம்பி," என்றார் சறோ அக்கா. பட்டுச்சேலையோடு அந்த ஈரப் பலகையில் குப்புறப் படுத்து, கையைத் தோள் வரைக்கும் உள்ளே விட்டு, பொன்னை எடுத்துக்கொண்டு எழும்பினார். சேலை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

நடேசன் அண்ணை கையுறைகளைக் கழற்றிவிட்டு நின்றார். அவ்வளவு உயரமான மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். "சம்பந்தி, கை விறைச்சுப்போய்… நான்…"

எல்லாரும் அக்காவின் வாயைப் பார்த்தோம். அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். காத்தோட்டத்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். கையுறையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் இரண்டையும் சொல்லியிருப்பேன்.

"எல்லாருக்கும் காட்டினம் அண்ணை, பூமாதேவிக்குக் காட்ட மறந்துபோனம்," என்றார் சறோ அக்கா. "நல்ல காலம், உங்களுக்கு நினைவு வந்தது."

விறாந்தை முழுவதும் சிரிப்பு. சகுனம் பார்த்த அந்தக் குரலே, "ஓம், அதுவும் சரிதானே," என்றது. நடேசன் அண்ணை சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா பொன்னைத் திரும்பத் தட்டில் வைக்க, நடேசன் அண்ணை அதை வெறுங்கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, இந்த முறை அவரே ஒவ்வொருவரிடமும் கொண்டு போனார்.

நானும் முருகேசனும் மண்டியிட்டபடியே பலகையைத் திரும்ப வைத்துத் திருகாணிகளைத் தேடிக்கொண்டிருந்தோம். தட்டு எங்கள் முகத்துக்கு நேரே வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தால் நடேசன் அண்ணை.

"தம்பி, இந்த இடைவெளியளை அடைக்கேலாதோ?" என்றார் மெதுவாக.

"அடைக்கலாம் அண்ணை. பிறகு தண்ணி எங்கை போறது?"

அவர் தலையை ஆட்டினார். ஆனால் தட்டை எடுக்கவில்லை. "தொடுங்கோ," என்றார்.

"நானுமாங்க?" என்று கேட்டார் முருகேசன்.

"ரண்டு பேரும்தான்."

"அண்ணை, எங்கடை கை முழுக்கத் தூசி," என்றேன்.

"என்ரை கையுறையிலை ஒரு தூசியும் இருக்கேல்லைத் தம்பி," என்றார் அவர். "என்ன நடந்தது எண்டு பார்த்தனீங்கள்தானே. தொடுங்கோ."

தொட்டோம். அதற்குப் பிறகுதான் பலகையைப் பூட்டினோம்.